அடுத்த படம் யார் இஷ்டம்?

விருத்தாசலத்தில் ஒரு சினிமாக் கொட்டகையின் வாசலில் "விரைவில் வருகிறது" என்று மாட்டப்படும் பலகையைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். பொதுக் காரியங்களில் உழைக்கும் நண்பர்களே முதலில் கேட்பார்கள். அவர்களுக்கு நகரசபையின் குடிதண்ணீர் விவகாரம் உண்டு. பீங்கான் தொழிலாளரின் கூலி விவகாரம் உண்டு. முந்திரி விலையும் மணிமுத்தாற்று மணலும் உண்டு. இவற்றுக்கு நடுவே, வெள்ளிக்கிழமை எந்தப் படம் மாறுகிறது என்பது பள்ளிப் பிள்ளைகளின் கவலை என்று அவர்கள் எண்ணுகிறார்கள். இந்த எண்ணம் தவறு என்பதே நமது வாதம்.

விருத்தாசலத்து வாக்காளர்களுக்கு இதை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2005 செப்டம்பரில் மதுரையில் கட்சி தொடங்கிய நடிகர் விஜயகாந்த், 2006 சட்டசபைத் தேர்தலில் நின்றது இந்தத் தொகுதியில்தான். அவருடைய கட்சி தமிழ்நாடு முழுவதும் அபேட்சகர்களை நிறுத்திற்று. வென்றவர் அவர் ஒருவரே. 2011-ல் அவர் ரிஷிவந்தியத்திற்குப் போய்விட்ட பிறகும் விருத்தாசலம் அவர் கட்சிக்கே கிடைத்தது. இதை ஒரு குறையாக நாம் கூறவில்லை. அண்ணாதுரை முதல் ஜெயலலிதா வரையில் இந்நாட்டை ஆண்டவர்களில் பெரும்பாலோர் கொட்டகை வாசல் வழியாகவே கோட்டைக்குள் நுழைந்தவர்கள். நாம் சொல்வது இவ்வளவே: திரையில் கண்ட முகத்தை நம்பிச் சட்டசபைக்கு அனுப்பும் அளவிற்கு ஜனங்களின் உள்ளத்தில் கொட்டகை இடம் பெற்றிருக்குமானால், அந்தத் திரையில் அடுத்துத் தோன்ற வேண்டிய முகம் எது என்று தீர்மானிக்கிறவர் யார் என்பது அரசியல் கேள்வியாகிவிடுகிறது. குடிதண்ணீரைப் பற்றிக் கேட்கிறவர்கள் இதையும் கேட்கத்தான் வேண்டும்.

இந்தக் கேள்வி எவ்வளவு உண்மையானது என்பதை இவ்வூர்க்காரர்களே அறிந்த ஒரு சங்கதியைக் கொண்டு காட்டுவோம்.

1993-ஆம் வருஷம் விருத்தாசலத்திற்கு அருகிலுள்ள முதனை கிராமத்துக் கூலித் தொழிலாளி ஒருவரைத் திருட்டுக் குற்றம் சாட்டிக் கம்மாபுரம் போலீஸார் கொண்டு போனார்கள். அவர் உயிருடன் திரும்பவில்லை. அவர் தப்பி ஓடிவிட்டார் என்று போலீஸார் சாதித்தார்கள். அவர் மனைவி அஞ்சி வீட்டில் முடங்கிவிடவில்லை. மார்க்சிஸ்டுக் கட்சியின் உள்ளூர் ஊழியர்கள் துணை நின்றார்கள். பின்னாளில் நீதிபதியாக இருந்த வக்கீல் கே. சந்துரு சென்னை ஹைக்கோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போட்டு வாதாடினார். வழக்குப் பல வருஷங்கள் நடந்து, குற்றம் செய்த போலீஸார் தண்டனை பெற்றார்கள். எழுத்து வாசனையில்லாத ஒரு ஏழைப் பெண்மணி சர்க்காரின் காக்கிச் சட்டையை நியாயஸ்தலத்தில் நிறுத்தி வைத்த கதை இது. பொது ஊழியர்களுக்கு இதைவிட உற்சாகமூட்டும் கதை இம்மாவட்டத்தில் வேறு ஒன்று இருப்பதாக நாம் அறியோம்.

இந்தக் கதையை டைரக்டர் த. செ. ஞானவேல் படமாக எடுத்தார். நடிகர் சூர்யா தமது கம்பெனியின் பேரில் தயாரித்து, வக்கீல் வேஷத்தில் தாமே நடித்தார். "ஜெய் பீம்" என்ற அந்தப் படம் 2021 நவம்பர் 2-ந் தேதி உலகமெங்கும் வெளியாயிற்று. லண்டனில் இருக்கும் தமிழர் பார்த்தார். சிங்கப்பூரில் இருப்பவர் பார்த்தார். விருத்தாசலத்துக் கொட்டகையின் பலகையில் மட்டும் அப்பெயர் ஏறவில்லை. ஏனெனில் அது கொட்டகைகளுக்கு வரவே இல்லை; அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் இணைய வழியிலே, மாதச் சந்தா கட்டியவர்களின் வீட்டிற்கு நேரே போய்விட்டது. கம்மாபுரத்திலிருந்து சில மைல் தூரத்தில் இருக்கும் ஊர், கம்மாபுரத்தின் கதையை ஊராகக் கூடியிருந்து பார்க்கவில்லை. அவரவர் கைப்பேசியில், அவரவர் திண்ணையில், தனித்தனியே பார்த்தார்கள்.

தனித்தனியே பார்த்தால் என்ன கெட்டுப் போயிற்று என்று கேட்கலாம். கெட்டது உண்டு. அப்படத்தின் ஒரு காட்சியில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர்ப் படம் தங்களைப் புண்படுத்துகிறது என்று ஒரு சமூகத்தார் ஆட்சேபித்தார்கள். எடுத்தவர்கள் அதை மாற்றினார்கள். ஆயினும் சச்சரவு அடங்க வெகு நாளாயிற்று. ஆட்சேபம் நியாயமா அல்லவா என்ற விசாரணையில் நாம் இப்பொழுது இறங்கவில்லை. ஒரே கொட்டகையில், ஒரே இருட்டில், அந்தச் சமூகத்தாரும் முதனைக் கிராமத்தாரும் போலீஸ்காரர் குடும்பத்தாரும் அருகருகே அமர்ந்து அப்படத்தைப் பார்த்திருந்தால், அடித்து வதைக்கும் காட்சியில் பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்வதை ஒவ்வொருவரும் கண்டிருந்தால், வெளியே வந்து டீக்கடையில் நடந்திருக்கக்கூடிய விவாதம் வேறு ரீதியாக இருந்திருக்கும் என்றே நாம் நம்புகிறோம். கொட்டகை என்பது படம் காட்டும் இடம் மட்டுமன்று. கோயில் வாசலிலும் ஒன்றுகூடத் தயங்கிய ஜாதிகள் காசு ஒன்றே கணக்காக ஒரே கூரையின் கீழ் உட்காரக் கற்றுக்கொண்ட இடமும் அதுவே. மணலைக் குவித்து உட்கார்ந்த தரை டிக்கெட்டுக்காரருக்குச் சமத்துவம் பூரணமாகக் கிடைத்துவிடவில்லை என்பது மெய்தான். பெஞ்சும் நாற்காலியும் பின்னால் இருந்தன. ஆனால் அந்தப் பிரிவினையும் காசினால் வந்தது, பிறப்பினால் வந்ததன்று.

இனி, பலகையை எழுதும் அதிகாரம் முன்பு யாரிடம் இருந்தது என்பதைப் பார்ப்போம்.

திருச்சியில் ரயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் யந்திரத்தை விலைக்கு வாங்கிக் கூடாரத்துடன் ஊர் ஊராகப் புறப்பட்டபோது, எந்த ஊரில் எதைக் காட்டுவது என்பது அவர் இஷ்டமாக இருந்தது. 1914-ல் கோயம்புத்தூரில் அவர் வெரைட்டி ஹாலைக் கட்டினார். வெள்ளைக்கார சர்க்கார் சும்மா இருக்குமா? 1918-ல் சினிமாச் சட்டம் செய்தது. 1920-ல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் ஆகிய இடங்களில் தணிக்கைச் சபைகள் ஏற்பட்டன. சென்னைச் சபைக்குத் தலைவர் யார்? கலையறிந்த பண்டிதர் அல்லர்; போலீஸ் கமிஷனர். மறு வருஷமே, விதுரரைக் கதருடையில் காட்டிற்று என்பதற்காக "பக்த விதுர்" என்ற ஊமைப்படம் சென்னையிலும் கராச்சியிலும் தடுக்கப்பட்டது. மகாபாரதத்து விதுரருக்குங்கூட ராஜத்துவேஷக் குற்றம்!

தியாகபூமியின் கதை தேசபக்தர்களுக்குத் தெரிந்ததே. எனினும் இளைஞர்களுக்காக ஒரு முறை சொல்வது தகும். கல்கியின் கதையை கே. சுப்பிரமணியம் படமாக்கி 1939 மே மாதம் வெளியிட்டார். கதரும் ராட்டையும் ஹரிஜன சேவையும் பெண்ணுரிமையும் ஒருங்கே அமைந்த படம். அவ்வருஷ இறுதியில் காங்கிரஸ் மந்திரிசபை விலகிக் கவர்னர் ஆட்சி வந்ததும் படத்தின் மீது தடை வந்தது. தடை வரப்போகிறது என்று அறிந்ததும் சுப்பிரமணியம் என்ன செய்தார்? சென்னை கெயிட்டி கொட்டகையின் கதவுகளைத் திறந்துவிட்டு, டிக்கெட் இல்லாமலே ஜனங்களுக்குப் படத்தை இடைவிடாமல் ஓட்டினார். ஜனங்கள் வெள்ளமாகத் திரண்டார்கள். போலீஸார் தடியடி நடத்தினார்கள். ஒரு சினிமாக் கொட்டகைக்குள் படம் பார்த்ததற்காகத் தமிழர்கள் தடியடி பட்ட நாள் அது. அன்றைக்குப் பலகையில் எழுதிய பெயரை ஜனங்கள் தங்கள் உடம்பினால் காத்தார்கள் என்று சொன்னால் அதில் மிகையில்லை.

அதற்கு அடுத்த வருஷம் நடந்தது இன்னும் பெரிது. செட்டிநாட்டைச் சேர்ந்த ஏ. கே. செட்டியார், 1937-ல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகையில், காந்தியடிகளைப் பற்றி ஒரு மெய்ப்படம் எடுக்க வேண்டுமென்று சங்கற்பம் செய்துகொண்டார். உலகம் சுற்றி, பல தேசங்களிலும் பலர் எடுத்து வைத்திருந்த துண்டுப் பிலிம்களைத் தேடிச் சுமார் 50,000 அடி சேர்த்து, அதைச் சுமார் 12,000 அடியாகச் சுருக்கி, 1940 ஆகஸ்டு 23-ந் தேதி சென்னை ராக்ஸி கொட்டகையில் தமிழ் விளக்கத்துடன் வெளியிட்டார். யுத்த காலம், சர்க்காரின் கண் எங்கும் இருந்த காலம். ஒரு தனி மனிதரின் பிடிவாதமும் ஒரு கொட்டகைக்காரரின் துணிவும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த ராக்ஸிப் பலகையே சாட்சி.

சர்க்கார் இதற்கு விடை கண்டுபிடித்தது. 1943-ல் இந்தியப் பாதுகாப்பு விதிகளில் ஒரு புது விதியைச் சேர்த்து, ஒவ்வொரு காட்சியிலும் சர்க்கார் ஒப்பிய படம் 2,000 அடி வரையில் ஓட்டியே தீரவேண்டும் என்று கட்டளையிட்டது. அதுவரை "இதைக் காட்டாதே" என்று சொன்னவர்கள் அன்று முதல் "இதைக் காட்டு" என்று சொல்லலானார்கள். இரண்டில் எது கொடிது என்று பட்டிமன்றம் வைக்கலாம்.

வெள்ளைக்காரன் போனான். 1952-ல் நமது பார்லிமெண்டு தணிக்கைக்குப் புதுச் சட்டம் செய்தது. 1955-ல் சென்னைச் சட்டசபை கொட்டகைகளுக்கு ஒரு சட்டம் செய்தது. லைசென்ஸ் கலெக்டர் கையில் இருக்கிறது. இவற்றில் குறைகள் பல உண்டு. ஆனால் இன்று விருத்தாசலம் போன்ற ஊரின் பலகையை எழுதுவது கலெக்டரும் அல்லர், போலீஸும் அல்லர். கொட்டகைக்காரராவது எழுதுகிறாரா என்றால் அதுவும் இல்லை.

பெரிய நகரங்களில் கம்பெனிகள் சங்கிலித் தொடராகப் பல திரைகளை ஒரே கட்டடத்தில் நடத்துகின்றன. சிற்றூர்களில் கொட்டகை பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் சொத்து. எந்தச் சங்கிலியிலும் மாட்டாதது. ஆகையால் அதைச் சுதந்திரமான கொட்டகை என்று அழைக்கிறோம். பெயரில் இருக்கும் சுதந்திரம் நடப்பில் எவ்வளவு? பெரிய நடிகரின் படம் பண்டிகைக்கு வருகிறது. அதன் விநியோகஸ்தர் கேட்பது எல்லாக் காட்சிகளையும். முதல் வார வசூலில் பெரும் பங்கு அவருக்கு. நாள் ஆக ஆகக் கொட்டகைக்காரரின் பங்கு கூடும். ஆனால் முதல் வாரத்திற்குப் பிறகு கூட்டம் எங்கே இருக்கிறது? பங்கு கூடும்போது வசூல் இல்லை. வசூல் இருக்கும்போது பங்கு இல்லை. "முடியாது" என்று ஒரு பண்டிகையில் சொல்லிவிட்டால் அடுத்த பண்டிகைக்குப் படம் கிடைக்குமா என்ற பயம் வேறு. 2023 ஜனவரி 11-ந் தேதி "வாரிசு", "துணிவு" என்ற இரண்டு படங்கள் ஒரே நாளில் வெளியானபோது தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் மூன்றாவது படத்திற்கு உட்கார இடமில்லாமற் போயிற்று. கன்னியாகுமரி முதல் கும்மிடிப்பூண்டி வரை எல்லாப் பலகைகளிலும் ஒரே எழுத்து. பீங்கான் ஊர்க்காரர்களுக்கு நாம் சொல்லவேண்டுமா? ஒரே அச்சில் வார்த்தால் ஆயிரம் பொம்மையும் ஒரே முகமாகத்தான் இருக்கும்.

யந்திரமும் மாறிவிட்டது. முன்னே படப்பெட்டி ரயிலில் வரும். விருத்தாசலம் ஜங்ஷனில் இறக்கி வண்டியில் ஏற்றிக் கொண்டு போவார்கள். பெட்டி தாமதமானால் கொட்டகையில் பாட்டுத் தட்டைத் திரும்பத் திரும்ப வைத்து ஒப்பேற்றுவார்கள். இன்று பிலிமும் இல்லை, பெட்டியும் இல்லை. டிஜிட்டல் கம்பெனி திறவுகோல் கொடுத்தால் படம் ஓடும், கொடுக்காவிட்டால் ஓடாது. இந்தக் கம்பெனிகள் வாங்கும் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் 2018 மார்ச்சு 1 முதல் புதுப்படம் எதையும் வெளியிடாமல் ஒன்றரை மாதத்திற்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கு முந்திய வருஷம் ஜூலையில் இரட்டை வரியை எதிர்த்துக் கொட்டகைக்காரர்கள் சில நாட்கள் கதவடைத்தார்கள். 2020-ல் கொள்ளை நோய் வந்து மார்ச்சு முதல் நவம்பர் வரை எல்லாக் கொட்டகைகளையும் பூட்டிற்று. இத்தனை அடி பட்ட ஒரு சிற்றூர்க் கொட்டகைக்காரர் துணிச்சலாக ஏதேனும் செய்வார் என்று எதிர்பார்ப்பது, நனைந்த விறகு தானே எரியும் என்று காத்திருப்பதை ஒக்கும். அவரை நாம் குறை கூறவில்லை. ஊராரைத்தான் கேட்கிறோம்.

சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்தில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றிலே போட்டுத் திருவாரூர்க் குளத்திலே எடுத்தார் என்பது இவ்வூர்த் தலபுராணம். "ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது" என்ற பழமொழியும் அதனால் வந்தது. விருத்தாசலத்தார் வருஷந்தோறும் சினிமா டிக்கெட்டாகப் போடும் பொன் எங்கே எழும்புகிறது என்று பாருங்கள். சென்னையில் எழும்புகிறது, பம்பாயில் எழும்புகிறது, இப்பொழுது அமெரிக்காவிலும் எழும்புகிறது. நாயனாருக்காவது போட்ட பொன் திரும்பக் கிடைத்தது. இவ்வூருக்குத் தன் கதையாவது திரும்பக் கிடைக்க வேண்டாமா?

"நல்ல படம் போட்டால் யார் வருகிறார்கள்?" என்பது எப்போதும் கேட்கும் பதில். இதில் பாதி உண்மை. மதுரை மாவட்டத்து மேலூர்ச் சீமையின் வெயிலில் ஓர் அப்பனும் மகனும் நடந்து போவதை மட்டுமே கதையாக வைத்துப் பி. எஸ். வினோத்ராஜ் எடுத்த "கூழாங்கல்", 2021-ல் ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் விழாவில் முதற் பரிசு பெற்றது. இந்தியாவின் சார்பாக ஆஸ்கார்ப் போட்டிக்கும் போயிற்று. தமிழ்ப் படம் ஒன்றுக்கு ராட்டர்டாமின் அந்த முதற் பரிசு அதற்கு முன் கிடைத்ததில்லை. நம் கொட்டகைகள் அதற்குச் செய்த கௌரவம் யாது? 2023 அக்டோபரில் அது இணைய வழியே வெளியாயிற்று. பலகையில் எழுதப்படாத படத்திற்கு ஜனங்கள் வரவில்லை என்று குற்றம் சாட்டுவது என்ன நியாயம்? அதே டைரக்டரின் அடுத்த படமான "கொட்டுக்காளி" 2024 ஆகஸ்டு 23-ந் தேதி கொட்டகைகளுக்கு வந்தது. அதே நாளில் மாரி செல்வராஜின் "வாழை"யும் வந்தது. வாழைத்தார் சுமக்கும் ஏழைச் சிறுவர்களின் துயரத்தைச் சொன்ன அந்தப் படத்திற்கு ஜனங்கள் திரளாகச் சென்றார்கள். 2015-ல் சென்னைச் சேரிப் பிள்ளைகள் இருவரை வைத்து எடுத்த "காக்கா முட்டை"யும் அப்படியே. ஜனங்களுக்கு ருசி இல்லை என்ற பேச்சு சோம்பேறிகளின் பேச்சு. சில நல்ல படங்களுக்கு வருகிறார்கள், சிலவற்றுக்கு வருவதில்லை. மோசமான படங்களின் கதையும் அதுதானே?

மெய்யான கஷ்டம் வேறு. இத்தகைய படங்கள் வெள்ளி முதல் திங்கள் வரையில் ஓட வேண்டுமென்று எதிர்பார்ப்பதே பிசகு. கூலி வேலைக்குப் போகிறவர் வாய்ச்சொல்லைக் கேட்டுப் புறப்படுவதற்குள் படம் மாறிவிடுகிறது. இதற்குப் பரிகாரம் மலையாள தேசத்தில் ஒரு பைத்தியக்காரக் கலைஞர் காட்டியிருக்கிறார். ஜான் ஆபிரகாம் என்பது அவர் பெயர். தமிழிலும் 1977-ல் "அக்கிரகாரத்தில் கழுதை" எடுத்துப் பரிசும் வசவும் ஒருசேரப் பெற்றவர். 1984-ல் தம் நண்பர்களோடு சேர்ந்து "ஒடேஸா" என்ற கூட்டத்தை அமைத்தார். கிராமம் கிராமமாகப் போய்ச் சார்லி சாப்ளினின் "கிட்" என்ற ஊமைப்படத்தைத் தெருவில் காட்டித் துண்டேந்தினார்கள். அந்தச் சில்லறைக் காசு சேர்ந்து 1986-ல் "அம்ம அறியான்" என்ற படமாயிற்று. முதலாளி இல்லாமல், ஜனங்களே முதலாளியாக இருந்து எடுத்த படம். கேரளத்தில் சர்க்கார் கார்ப்பொரேஷனே சொந்தமாகக் கொட்டகைகள் நடத்துகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நமது சர்க்கார் எப்பொழுது அவ்விதம் செய்யும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தெருவிலே துண்டேந்த எந்தச் சர்க்கார் உத்தரவும் தேவைப்படவில்லையே!

விருத்தாசலத்தில் செய்யக்கூடியது எது? பண்டிகை நாளில் விநியோகஸ்தரோடு மல்லுக்கட்டுவது வீண். ஞாயிறு காலைக் காட்சியைக் கேட்க வேண்டும். சிற்றூர்க் கொட்டகைகளில் காலைக் காட்சிக்கு நாற்காலிகள் காலியாகக் கிடப்பதை எல்லோரும் அறிவார்கள். அந்தக் காலி நாற்காலிகளுக்கு ஊரார் ஒரு சங்கமாகச் சேர்ந்து முன்பணம் கட்டி உறுதி கொடுத்தால், கொட்டகைக்காரர் நஷ்டப்பட வேண்டியதில்லை. அவருக்கு மின்சாரச் செலவும் ஆள் கூலியும் கிடைத்தாற் போதும். 1947-ல் சத்தியஜித் ராயும் நண்பர்களும் கல்கத்தாவில் திரைப்படச் சங்கம் கண்டபோது அவர் பிரசித்தி பெற்றவர் அல்லர். விளம்பரக் கம்பெனியில் சித்திரம் எழுதுகிறவர். அத்தகைய சங்கம் பட்டணத்துக்கே உரியது என்று யாரும் சாசனம் எழுதவில்லை. பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிற ஊர், பீங்கான் தொழிலைக் கற்பிக்கும் சர்க்கார் கலாசாலை இருக்கிற ஊர், ரயில்வே ஜங்ஷன் இருக்கிற ஊர், இமையம் போன்ற நாவலாசிரியர் வசிக்கிற ஊர் ஆகிய விருத்தாசலத்தில் நூறு சந்தாதாரர் கிடைக்கமாட்டார்களா? சென்னைக் கொட்டகைகளின் மின்சாரப் பெட்டிக்குள் இருக்கும் பீங்கான் பியூஸ் கட்டை இவ்வூர்ச் சூளையில் வெந்ததாகக்கூட இருக்கலாம். அங்கே திரை வெளிச்சம் பெறுவதற்கு இவ்வூர்க்காரர் கை உதவியிருக்குமானால், தங்கள் ஊரில் ஒரு திரைக்கு வெளிச்சம் கொடுக்க அவர்களால் முடியாது என்று நாம் நம்பவில்லை.

டிக்கெட் விலையைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு ரூபாய்க்கு உட்பட்ட டிக்கெட்டுக்குச் சரக்கு வரி குறைவு. மேற்பட்டதற்கு நூற்றுக்குப் பதினெட்டு. ஆகையால் விலையைக் குறைத்து வைப்பது தர்மம் மட்டுமன்று, கணக்கும் ஆகும். சூளையில் அச்சு வார்க்கும் பெண் தொழிலாளர் குழந்தைகளோடு வரக்கூடிய விலையே விலை. அவர்கள் வராத சங்கம் நாலு படித்தவர்களின் பொழுதுபோக்காகப் போய் முடியும்.

படங்களுக்குப் பஞ்சமில்லை. முதற் காட்சிக்கு நமது சிபார்சு "ஒன்பது ரூபாய் நோட்டு". பண்ருட்டிப் பக்கத்துப் பத்திரக்கோட்டையில் பிறந்த தங்கர் பச்சான், தம்முடைய நாவலைத் தாமே 2007-ல் படமாக்கினார். பலாவும் முந்திரியும் செம்மண்ணும் நடுநாட்டுப் பேச்சும் அதிலே பாத்திரங்கள். சீரும் சிறப்புமாக வாழ்ந்த ஒரு குடியானவர் பெற்ற பிள்ளைகளாலே மனம் உடைந்து மண்ணைவிட்டுப் போகிற கதை; சத்தியராஜ் அந்தக் கிழவராகவே வாழ்ந்திருக்கிறார். முந்திரித் தோப்பை விற்றுவிட்டு நகரத்துக்குப் போன குடும்பங்கள் இத்தாலுக்காவில் எத்தனையோ! அவர்கள் அப்படத்தைக் கூடியிருந்து பார்க்கட்டும். இரண்டாவது, "கூழாங்கல்". மேலூர் வெயிலுக்கு விருத்தாசலத்து வெயில் எவ்விதத்திலும் குறைந்ததன்று, மொழிபெயர்ப்பின்றியே புரியும். நடுவே ஒரு நாள் தியாகபூமியைப் போட வேண்டும். பழைய தமிழ்ப் படங்களில் எத்தனையோ அழிந்துபோயின. முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 1931-ஆம் வருஷத்துக் "காளிதாஸ்" ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. தியாகபூமி புனாவிலுள்ள தேசியப் படக் காப்பகத்தின் தயவால் பிழைத்திருக்கிறது.

"ஜெய் பீம்" படத்தை எப்பொழுது போடுவது? அதுதான் நமது ஆசையில் முதலாவது. ஆனால் வரிசையில் முதலாவதாக வைக்க முடியாது. உரிமை அமெரிக்கக் கம்பெனியிடம் சிக்கியிருக்கிறது. வீட்டுச் சந்தாவைக் கட்டிவிட்டு, அதையே கொட்டகைத் திரையில் ஏற்றிக் காட்டுவது சட்ட விரோதம். அந்தக் காரியத்தில் நமது நண்பர்கள் ஒருகாலும் இறங்கக்கூடாது. தியாகபூமியைத் தடைக்கு முன்னே ஓட்டியவர் அதன் சொந்தக்காரர். அவர் பிறர் உடைமையைத் திருடவில்லை. தயாரித்தவர்களுக்கும் உரிமை வாங்கியவர்களுக்கும் முறையாக விண்ணப்பம் எழுத வேண்டும். கம்மாபுரம் வழக்கு நடந்த தாலுக்காவின் ஜனங்கள், லாபம் கருதாமல், ஒரே ஒரு காட்சிக்கு அனுமதி கேட்கிறார்கள் என்று எழுதினால் அது எந்தக் கம்பெனிக்கும் தட்டிவிடச் சங்கடமான கடிதமாக இருக்கும். கையெழுத்துக்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சங்கடம்.

கட்சி ஊழியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தச் சங்கத்தைத் தங்கள் கட்சியின் கிளையாக்கிவிட வேண்டும் என்ற ஆசை அவர்களில் பலருக்கு முதல் வாரத்திலேயே தோன்றும். வெள்ளைக்காரன் 2,000 அடியைத் திணித்தான். விநியோகஸ்தர் பண்டிகை முழுவதையும் எடுத்துக்கொள்கிறார். மூன்றாவதாக ஒரு கட்சி வந்து பலகையைக் கைப்பற்றினால் ஊருக்கு என்ன மிச்சம்? எல்லாக் கட்சியாரும் எல்லாச் சமூகத்தாரும் சந்தாதாரராக இருக்கட்டும். அடுத்த மாதத்துப் படம் எது என்பதைக் காட்சி முடிந்ததும் கொட்டகையிலேயே கை தூக்கித் தீர்மானிக்கட்டும். ஒரு கட்சிக்காரருக்குப் பிடிக்காத படம் வருமானால், அவரும் வந்து பார்த்துவிட்டு வாசலில் நின்று கண்டித்துப் பேசட்டும். படத்தைப் பாராமல் கண்டிக்கும் வித்தை நம் நாட்டில் போதிய அளவு விருத்தியடைந்துவிட்டது.

இவ்வளவுக்கும் பெருந்தொகை வேண்டியதில்லை. வேண்டியது கடிதமும் நடையும். கொட்டகைக்காரரிடம் இரண்டு முறை போக வேண்டும். முதல் முறை அவர் சிரிப்பார். உரிமைக்காரர்களிடமிருந்து பதில் வர மாதக்கணக்கில் பிடிக்கும். மாசி மகத்திற்கு ஊர் கூடும் சமயத்தில் முதற் காட்சியை வைக்க வேண்டுமானால், கார்த்திகைக்குள் சந்தாப் பட்டியல் முடிந்து விண்ணப்பங்கள் தபாலில் சேர்ந்திருக்க வேண்டும்.